என் சின்ன முகத்துக்கு ஒரு மாஸ்க் கிடைத்துவிட்டது!

சின்ன முகமும் ஒட்டிய கன்னமும் உள்ளவர்களே! தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்ளும் ஸ்லீப் ஆப்னியா வியாதிக்காக டாக்டர் சொன்னாரே என்று சிபாப் மிஷினை வாங்கி, சில ராத்திரி போட்டுப் பார்த்து, ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று பரண்மேல் ஏற்றி வைத்திருப்பவர்களே! உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மிஷினைப் பரணிலிருந்து இறக்குங்கள். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பொருந்துகிற மாஸ்க் இருக்கிறது. எனக்குக் கிடைத்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு நான் தூங்குகிற தூக்கத்தை என்னவென்று சொல்வேன்!

அதன் பெயர் ஏர்ஃபிட் பி10. ரெஸ்மெட் நிறுவனத்தின் தயாரிப்பு. 2014-இல் சந்தைக்கு வந்தது. அதில் ‘ஃபார் ஹெர்’ என்று பெண்களுக்கென்றே ஒரு பொதி தனியாக விற்கிறார்கள். என்னிடம் இருப்பது அதுதான். மாஸ்க் என்று பெயரே தவிர, முகத்தை மூடுகிற சமாச்சாரம் அதில் எதுவும் கிடையாது. மூக்குத் துவாரங்களின் வாயில் வந்து உட்காரும் இரண்டு சிலிக்கான் முனைகள், அவற்றைத் தாங்கும் ஒரு சின்னச் சட்டம், அதிலிருந்து இறங்கும் மெல்லிய குட்டிக் குழாய், தலைக்குப் பின்னால் போகும் எலாஸ்டிக் பட்டை. முடிந்தது. நெற்றிக்கு முட்டுக் கிடையாது. கன்னத்தை அழுத்தும் கிண்ணம் கிடையாது. மூக்குத் தண்டின்மேல் எதுவுமே கிடையாது. இந்த வகைக்கு நேசல் பில்லோ என்று பெயர். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் கனமே தெரியாது.

சின்ன முகம் உள்ளவர்கள் எல்லோரும் கடைக்குப் போய்க் கேட்பது, “இதிலேயே சின்ன சைஸ் இருக்கா?” என்றுதான். நான் சொல்வது வேறு. முகத்தின்மேல் ஏறி உட்காருகிற மாஸ்க்கில் சின்ன சைஸ் தேடி அலையாதீர்கள். முகத்தையே நம்பாத மாஸ்க்கைக் கேளுங்கள். கன்னத்தில் சதை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அதற்குக் கவலையில்லை. அதற்கு வேண்டியது இரண்டு மூக்குத் துவாரங்கள் மட்டுமே. அவை யாருக்குத்தான் இல்லை!

எனக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது என்று தெரிந்தபோது எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. “நீயே குச்சி கணக்கா இருக்கே, உனக்கு எப்படிடி இது? அதெல்லாம் குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே வரும்?” என்று அக்கா கேட்டாள். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. உடல் எடை பெரிய காரணம் என்பது உண்மைதான். ஆனால் அது ஒன்றே காரணம் என்று நினைப்பதால்தான் ஒல்லியானவர்கள் பலர் வருஷக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கிறார்கள். தாடை சின்னதாகவோ சற்று உள்வாங்கியோ இருந்தால், நாக்குக்கு வாய்க்குள் போதுமான இடம் இருக்காது. தூக்கத்தில் தசைகள் தளரும்போது நாக்கும் மென் அண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். ஆசியர்களுக்கு, முகத்தின் எலும்பு அமைப்பு காரணமாக, குறைந்த எடையிலேயே இது வருவதுண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அபாயம் இன்னும் கூடுகிறது. அதிலும் பெண்கள் டாக்டரிடம் போய்க் குறட்டை என்று சொல்வது குறைவு. அசதி என்போம், காலையில் தலைவலி என்போம், ராத்திரி சரியாகத் தூக்கம் பிடிப்பதில்லை என்போம். ரத்தம் குறைவு, தைராய்டு, மனக்கவலை என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில்தான் யாராவது ஒரு நல்ல டாக்டர் ஸ்லீப் ஸ்டடி எழுதிக் கொடுப்பார்.

ஸ்லீப் ஸ்டடியில் ஏ.எச்.ஐ. என்று ஓர் எண் வரும். ஒரு மணி நேரத் தூக்கத்தில் எத்தனை தடவை மூச்சு பத்து விநாடிக்குக் குறையாமல் நின்றது அல்லது தேய்ந்தது என்ற கணக்கு அது. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. என்னுடையது நடுத்தரம். சிபாப் மிஷின் செய்வது ஒரே ஒரு காரியம்: அறைக் காற்றையே உறிஞ்சி, லேசான அழுத்தத்தோடு மூக்கு வழியே தொடர்ந்து அனுப்புகிறது. அந்தக் காற்று தொண்டையை உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பதால் அது மூடிக்கொள்வதில்லை. மருந்து இல்லை, கத்தி இல்லை. அழுத்தம் 4 சென்டிமீட்டர் நீரளவிலிருந்து 20 வரை போகும். எனக்கு எட்டு, ஒன்பதிலேயே போதும். இவ்வளவு எளிமையான, அருமையான வைத்தியம் முழுக்க முழுக்க ஒரே இடத்தை நம்பியிருக்கிறது: மாஸ்க் முகத்தைத் தொடுகிற அந்த ஓரம். அங்கே காற்று கசிந்தால் மிஷின் எவ்வளவு உசத்தியானதாக இருந்தும் பயனில்லை.

எங்கள் முகத்தில் ஏன் கசிகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. மூக்கை மூடும் சாதாரண நேசல் மாஸ்க்கும் சரி, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கும் சரி, சிலிக்கான் ஓரத்தை உடையவை. அந்த ஓரம் இரண்டு அடுக்கு. உள் அடுக்கு தாங்கும். மெல்லிய வெளி அடுக்கு காற்று நிரம்பி லேசாக உப்பி, தோலோடு படிந்துகொள்ளும். அதற்குத் தோலுக்கு அடியில் கொஞ்சம் சதை வேண்டும். கன்ன எலும்பு துருத்தி, அதற்குக் கீழே குழிந்திருக்கும் முகத்தில் அந்த ஓரம் எலும்பின்மேல் ஏறி நின்று, குழியில் அந்தரத்தில் தொங்கும். மூக்குத் தண்டு தாழ்வாகவோ மெல்லியதாகவோ இருந்தால் இரண்டு பக்கமும் இடைவெளி விழும். அந்த இடைவெளி நேராகக் கண்ணைப் பார்த்திருக்கிறது! ராத்திரி முழுக்கக் குளிர்ந்த காற்று கண்ணின் ஓரத்தில் பீறிட்டுக்கொண்டே இருக்கும். காலையில் கண் மணல் விழுந்த கணக்காக உறுத்தும்.

கசிந்தால் யாருக்கும் இறுக்கத்தான் தோன்றும். இறுக்கினால் இன்னும் கெடும். குழாய்க்கு வாஷர் போடுகிறோமே, அதை அளவுக்கு மேல் முறுக்கினால் நசுங்கிப்போய்த் தண்ணீர் முன்னைவிட அதிகமாக ஒழுகும் பாருங்கள், அதே கதைதான். வெளி அடுக்கு உப்ப இடமில்லாமல் மடங்கிப்போகிறது. மடிப்பின் வழியே காற்று வெளியேறுகிறது. பட்டை மட்டும் எலும்பை நெரிக்கிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. பல மாஸ்க்குகளில் ‘ஸ்மால்’ என்று போட்டிருப்பது முகத்தில் படும் அந்த மெத்தைக்கு மட்டும்தான். தலைப்பட்டை எல்லோருக்கும் பொதுவான ஒரே அளவு. சின்னத் தலைக்கு அந்தப் பட்டையைக் கடைசிவரை இழுத்து ஒட்டினாலும் தொளதொளவென்று நிற்கும். ஒட்டும் முனையை வைக்கப் பட்டையில் மேற்கொண்டு இடமே இருக்காது. இதெல்லாம் நான் அனுபவித்தவை. காலையில் என் மூக்குத் தண்டின் குறுக்கே ஒரு சிவந்த பள்ளம் விழுந்திருக்கும், மத்தியானம்வரை மறையாது. பக்கத்து வீட்டு அக்கா, “என்னம்மா, மூக்குல அடிபட்டுச்சா?” என்று கேட்பார்.

பிறகுதான் ஒரு தம்பியைச் சந்தித்தேன். மிஷின் விற்கும் ஒரு சின்னக் கடையில் வேலை பார்க்கும் பையன். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கவாட்டில் திரும்பச் சொன்னான். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் சிறிது நேரம் மூச்சு விடச் சொன்னான். “அம்மா, உங்களுக்கு மூக்கு அடைப்பு உண்டா? சைனஸ் தொந்தரவு?” என்று கேட்டான். இல்லை என்றதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! உள்ளே போய் இந்தப் பொதியை எடுத்து வந்தான். “உட்கார்ந்து பார்க்கக் கூடாதும்மா. படுங்க. நீங்க வீட்டில எப்படிப் படுப்பீங்களோ அப்படியே படுங்க” என்று கடையின் பின்பக்கம் இருந்த கட்டிலைக் காட்டினான்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவனுக்குக் கோடி நன்றி. உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற முகம் வேறு, படுத்தால் வருகிற முகம் வேறு. படுத்ததும் கன்னத்துச் சதை, இருக்கிற கொஞ்சமும், காதுப் பக்கம் சரியும், தாடை பின்வாங்கும். மிஷினை ஓடவிட்டு, எனக்கு எழுதிக்கொடுத்த அழுத்தத்திலேயே வைத்து, மல்லாந்தும் ஒருக்களித்தும் பார்க்கவைத்தான். இடது பக்கம் திரும்பினேன். கசியவில்லை. வலது பக்கம் திரும்பினேன். கசியவில்லை. தலையணையில் கன்னத்தை அழுத்திப் புதைத்தேன். ஒரு சீற்றம்கூடக் கேட்கவில்லை! அந்தக் கட்டிலிலேயே எனக்குக் கண் செருகியது. மாஸ்க் போட்டுக்கொண்டு எனக்குத் தூக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

எப்படி மாட்டுவது என்று சொல்கிறேன், கேளுங்கள். சட்டத்தைக் கையில் பிடித்து, இரண்டு முனைகளையும் மூக்குக்கு அடியில் கொண்டுவந்து, துவாரங்களின் வாயில் லேசாகப் பொருத்த வேண்டும். உள்ளே திணிக்கக் கூடாது. வாசலில் உட்கார வேண்டும், அவ்வளவே. பட்டையைத் தலைக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோனால் அது இரண்டாகப் பிரியும்: ஒன்று உச்சிக்குப் பின்னால், ஒன்று பிடரிக்கு மேல். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் இறுக்கத்தைச் சரிசெய்கிறோம். கொக்கி இல்லை, ஒட்டும் பட்டை இல்லை, திருகு இல்லை. தலை சின்னதாக இருந்தாலும் எலாஸ்டிக் அதற்கேற்பச் சுருங்கிக்கொள்கிறது. மிஷினை ஓடவிட்டதும் அந்தச் சிலிக்கான் முனைகள் காற்றில் மெல்ல உப்பித் தாமாகவே துவாரத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். அந்தக் கணத்தில் ஒரு சின்ன அசைவு தெரியும். பிறகு ஒன்றும் தெரியாது. முனைகளிலும் இரண்டு அடுக்கு உண்டு. அதனால்தான் புரண்டு படுக்கும்போது குழாய் கொஞ்சம் இழுத்தாலும் அவை இடத்தைவிட்டு நகர்வதில்லை.

சைஸ் விஷயத்தில் எனக்குப் பெரிய சந்தோஷம் காத்திருந்தது. ‘ஃபார் ஹெர்’ பொதியில் எக்ஸ்ட்ரா ஸ்மால், ஸ்மால், மீடியம் என மூன்று அளவு முனைகளும் சேர்ந்தே வருகின்றன. சாதாரணப் பொதியில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று வரும். சின்ன மூக்கு உள்ளவர்கள் கேட்டு வாங்க வேண்டியது இந்த எக்ஸ்ட்ரா ஸ்மால் உள்ள பொதியைத்தான். ஆனால் இங்கே அளவு முகத்துக்கு இல்லை, மூக்குத் துவாரத்துக்கு. முகம் குறுகலாக இருப்பவர்களுக்கும் துவாரம் அகலமாக இருக்கலாம். எனக்கு எக்ஸ்ட்ரா ஸ்மால் சரியாகப் பொருந்தியது. என்னைவிட ஒல்லியான என் ஓரகத்தி போட்டுப் பார்த்தபோது அவளுக்கு ஸ்மால்தான் சரியாக இருந்தது. அளவு சின்னதாகப் போனால் முனை உள்ளே ஏறி உறுத்தும். பெரிதானால் ஓரத்தில் காற்று பீறிடும். மூன்றையும் வீட்டில் நிதானமாகப் போட்டுப் பார்க்கலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி! பிரித்த மாஸ்க்கைக் கடைகள் பொதுவாகத் திரும்ப வாங்குவதில்லை. சுகாதாரம் கருதி அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரே பொதியில் மூன்று அளவும் வருவது நம் பணத்தைக் காப்பாற்றுகிறது.

வீட்டுக்கு வந்து போட்டுக்கொண்டு படுத்த முதல் ராத்திரியைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது. விடிந்துதான் விழித்தேன். கண் உறுத்தவில்லை. மண்டை கனக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் மூக்குத் தண்டு சுத்தமாக இருந்தது! கன்னத்தில் பட்டை போன தடம் மட்டும் லேசாகத் தெரிந்தது. பல் துலக்கிக் காபி குடிப்பதற்குள் அதுவும் போய்விட்டது. மிஷினின் திரையில் கசிவு என்ன சொல்கிறதென்று பார்த்தேன். ரெஸ்மெட் மிஷின்களில் நிமிஷத்துக்கு 24 லிட்டருக்குள் கசிவு இருந்தால் மாஸ்க் நன்றாகப் பொருந்துகிறது என்று கணக்கு. பச்சை நிறத்தில் சிரிக்கிற முகம் வரும். வந்தது. இன்றுவரை அந்தச் சிரித்த முகம் மாறவில்லை. ஏ.எச்.ஐ. ஐந்துக்குக் கீழேயே நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் குறிப்பு: மாஸ்க் வகையை மாற்றினால் மிஷினின் அமைப்பிலும் ‘பில்லோஸ்’ என்று மாற்றிவிட வேண்டும். நாம் வெளிவிடும் மூச்சு போவதற்காக ஒவ்வொரு மாஸ்க்கிலும் வேண்டுமென்றே துளைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றின் வழியே எவ்வளவு காற்று போகும் என்பது வகைக்கு வகை மாறும். மிஷின் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் அது காட்டும் எண் சரியாக இருக்கும். அழுத்தத்தின் எண்ணை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அந்தத் துளைகளைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, பி10-இல் துளைக்குப் பதிலாக நெசவு வலை வைத்திருக்கிறார்கள். மூச்சு அதன் வழியே சிதறி, மெல்லப் பரவி வெளியேறுகிறது. சத்தமே இல்லை. முன்பெல்லாம் நான் மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரரின் முகத்தில் காற்று வீசும். பாவம், போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். இப்போது, “மிஷின் ஓடுதா இல்லையா?” என்று தொட்டுப் பார்த்துக் கேட்கிறார். மூக்குத் தண்டின்மேல் எதுவும் இல்லாததால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, தூக்கம் வரும்வரை வாரப் பத்திரிகை படிக்கிறேன். இது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று ஃபுல் ஃபேஸ் மாஸ்க் போட்டவர்களுக்குத்தான் புரியும்.

இதில் என்னை ரொம்பவும் நெகிழவைத்த ஒரு சேதி இருக்கிறது. சிபாப் வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவில், சிட்னி பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் காலின் சல்லிவன். 1980-இல் முதல் நோயாளிக்குச் செய்துபார்த்தார். 1981-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு கட்டுரை வந்தது. அந்த முதல் நோயாளிகள் போட்டுக்கொண்டது எது தெரியுமா? முகத்தை மூடும் கிண்ணம் இல்லை. இரண்டு மூக்குத் துவாரங்களிலும் பொருந்துகிற மென்மையான பிளாஸ்டிக் குழாய்கள்! காற்று கசியாமல் இருக்கச் சுற்றிலும் சிலிக்கான் பசை வைத்து அடைத்தார்கள். பிறகு ஒவ்வொருவர் மூக்கையும் மாவுக்கட்டுப் பொடியில் அச்சு எடுத்து, அதற்கேற்ப ஃபைபர் கிளாஸில் மாஸ்க் செய்து, ராத்திரிதோறும் பசை தடவி ஒட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். ஒட்டி, காலையில் பிய்த்து, மறுபடி ஒட்டி... அப்படியும் விடாமல் போட்டிருக்கிறார்கள் என்றால், நல்ல தூக்கம் எப்பேர்ப்பட்ட வரம் என்று பாருங்கள். மூக்குத் துவாரத்தில் தொடங்கிய வைத்தியம் இது. பசையும் அச்சும் இல்லாமல் அதே இடத்துக்கு இவ்வளவு சொகுசாகத் திரும்பி வந்திருப்பதை நினைத்தால், இதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நம் வீட்டுப் பெண்களுக்கென்று சில சங்கதிகள் உண்டு. அவற்றை எந்தக் கையேடும் சொல்வதில்லை. முதலில் மூக்குத்தி. பில்லோ துவாரத்துக்குள் கொஞ்சம் நுழைவதால், மூக்குத்தியின் உள்பக்கத் திருகாணி இடிக்குமோ என்று பயந்தேன். எனக்குச் சற்று மேலே குத்தியிருப்பதால் திருகாணி முனையின் விளிம்புக்கு மேலேயே நிற்கிறது, தொந்தரவே இல்லை. தாழக் குத்தியவர்களுக்கு இடிக்கலாம். கழற்ற மனமில்லாவிட்டால், மூக்குக்கு அடியில் மட்டும் தொட்டுக்கொண்டு உள்ளே நுழையாத க்ரேடில் வகை இருக்கிறது, அதைக் கேளுங்கள். அடுத்தது எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்த அன்று பட்டை வழுக்கும். நான் எண்ணெய்க் குளியலைக் காலையில் முடித்து, ராத்திரிக்குள் கூந்தல் உலர்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். முகத்தில் கிரீமும் எண்ணெயும் ராத்திரி வேண்டாம்; சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் கெடும். மூக்கின் ஓரம் வறண்டால் வாஸலின் தடவாமல், டாக்டர் சொல்லும் தண்ணீர் சார்ந்த ஜெல்லைத் தடவுங்கள். பின்னல் போடுகிறவர்கள் தாழ்வாகத் தளரப் பின்னிக்கொண்டால் கீழ்ப்பட்டை பிடரியில் ஒழுங்காகப் படியும். உச்சிக் கொண்டை மட்டும் ஆகாது.

கழுவுவது ஒரு வேலையே இல்லை. மொத்தமே மூன்று பாகம். காலையில் முனைகளை மட்டும் கழற்றி, காரமில்லாத சோப்பு நீரில் கழுவி, வெயில் நேராகப் படாத இடத்தில் உலரவைக்கிறேன். மூக்கின் எண்ணெய்ப் பசை அதில் தங்கினால் ராத்திரி கசியும்; கழுவினால் கசிவு நிற்கும். எலாஸ்டிக் பட்டை எதுவாக இருந்தாலும் நாளடைவில் தளரத்தான் செய்யும். தளர்ந்தால் பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். வாய் வழியாக மூச்சு விடுகிறவர்களுக்கு, மூக்கின் நடுச்சுவர் உள்ளே வளைந்து அடைத்திருப்பவர்களுக்கு பில்லோ சரிப்படாது. அழுத்தம் ரொம்ப அதிகமாகத் தேவைப்படுகிறவர்களில் சிலருக்குத் துவாரத்தில் காற்று நேராகப் பாய்வது கூசும். தூக்கத்தில் வாய் திறந்துகொள்பவர்கள், காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையரை மிஷினில் கொஞ்சம் கூட்டியும், தாடைப் பட்டை போட்டும் முதலில் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால், வாயை மூடி, மூக்கை அடியிலிருந்து மட்டும் தாங்குகிற ஏர்ஃபிட் எஃப்30 இருக்கிறது. மூக்குத் தண்டைத் தொடாது. குழாய் முகத்தின் முன்னால் தொங்குவது பிடிக்காதவர்களுக்கு, குழாய் உச்சந்தலையில் இணைகிற ஏர்ஃபிட் என்30ஐ, பிலிப்ஸ் ட்ரீம்வேர் போன்றவை உண்டு. அவற்றில் காற்று கன்னத்தின் இரு பக்கமும் ஓடும் சட்டத்தின் வழியே வருகிறது. சின்னத் தலைக்காரர்கள் சட்டத்திலும் ‘ஸ்மால்’ இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். பெரிய சட்டம் தலையில் நிற்காது. ஃபிஷர் அண்ட் பேக்கலின் ப்ரெவிடாவும் சின்னப் பில்லோ வகைதான். மூக்கை மூடும் வகைதான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் பிலிப்ஸ் விஸ்ப் பாருங்கள். அந்த இனத்தில் அது உருவத்தில் சின்னது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சில மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் இருக்கிறது, அது அவர்களுக்கு ஆகாது. பி10-இல் காந்தம் கிடையாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் என் தேர்வு பி10-தான். வெளியூர் போனால் என் கைப்பையின் சின்ன அறையிலேயே அடங்கிவிடுகிறது. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களோடு கூடத்தில் படுக்க நேர்ந்தாலும் கூச்சமில்லாமல் மாட்டிக்கொள்கிறேன், குழந்தைகள்கூடப் பயப்படுவதில்லை. அக்கா இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம், “என் தங்கச்சி முகத்துல இப்பத்தான் களை வந்திருக்கு” என்கிறாள். மத்தியானம் கண் சொருகுவது நின்றது. சாயங்காலம் நான் பேசுகிற பேச்சில் எரிச்சல் குறைந்திருக்கிறது என்று என் மகளே சொல்கிறாள். சின்ன முகத்தோடு பிறந்த எனக்கு இப்படியொரு மாஸ்க் செய்து வைத்திருக்கிறார்களே என்று தினமும் ராத்திரி விளக்கணைக்கும்போது மனம் நிறைகிறது.

உங்கள் வீட்டிலும் ஒல்லியாக, அசதியாக, காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுகிற அம்மாவோ அத்தையோ இருந்தால், எடையைப் பார்த்து ‘இவங்களுக்கு இருக்காது’ என்று முடிவுகட்டாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மாஸ்க் வாங்கப் போகும்போது மிஷினையும் கையோடு எடுத்துப் போங்கள். பில்லோ வகையில் எக்ஸ்ட்ரா ஸ்மால் இருக்கிறதா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். உங்கள் அழுத்தத்திலேயே மிஷினை ஓடவிட்டு, படுத்து, இரண்டு பக்கமும் புரண்டு பார்க்க இடம் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்காத கடையில் வாங்காதீர்கள்.